இரவல் கோட்டு

என் மேலங்கியில் பதினோரு குடைகள் இருக்கின்றன.
மாலை மழை விட்டதும்
மஸ்ஜித் ஜாமெக் நிலைய வாசலில்
கம்பி முறிந்து கிடப்பவற்றைப் பொறுக்குவேன்,
எலும்பைக் கழற்றிவிட்டுத் தோலை மட்டும்.
முதுகில் ஒரு காப்புறுதிக் கம்பெனியின் பாதிப் பெயர்,
இடது தோளில் பூனைப் பாதங்கள்,
அக்குளில் ஏதோ ஒரு குழந்தையின் ஊதா டைனோசர்.
நடந்தால் சரசரக்கும்.
செந்தூலில் ரயில் ஏறும்போதே
தலை திருப்பாமல் என்னைத் தெரிந்துகொள்வார்கள்.

காலுக்கொரு நிறத்தில் சப்பாத்து.
காதில், ஸிப்பை இழுக்கும் பித்தளை நாக்குகள்.
பகலெல்லாம் தாயர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
முதலாளி லிம் இதுவரை கேட்டது ஒரே ஒரு கேள்வி:
"மழை உள்ளே வருமா?"
தையல் வழியாக வரும் என்றேன்.
மறுநாள் என் மேசையில்
டியூப் ஒட்டுகிற பசை, ஒரு டின்.

அக்காவுக்குத்தான் தாங்கவில்லை.
மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் போன் செய்தாள்.
"நாளைக்கு ஒருநாள் மட்டும்
மனுஷி மாதிரி வாயேன், சௌந்தரி."
போனேன்,
சந்தன நிறத்தில், ஊரே கட்டுகிற ஒரு சேலையில்.
மாப்பிள்ளையின் தாயார் நேராக என்னிடம் வந்து
"தண்ணி எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றார்.
மண்டபத்து ஆள் என்று நினைத்துவிட்டார்.
காட்டினேன்.
ஜக்கை எடுத்து ஊற்றியும் கொடுத்தேன்.

நான் உடுத்துவதைத் தைரியம் என்கிறார்கள்.
இல்லை.
எனக்கு அந்த ஜக்கு பயம்.

நேற்று ஐசி மாற்றப் போனேன், புடு சென்ட்ரல் மாடிக்கு.
பழையதில் படம் சுரண்டிப்போய்
எட்டு வருஷமாக நான் என்பது ஒரு மூக்கு மட்டும்.
"சௌந்தரி அனாக் பெரெம்புவான் குப்பமுத்து?"
அதிகாரி ரொஸ்மினா மேலும் கீழும் பார்த்தார்.
அழகாக இருக்கிறது என்றார் மலாயில், யாருக்கும் கேட்காமல்.
பிறகு சுவர்க் கொக்கியைக் காட்டினார்.
படத்துக்குக் கறுப்புக் கோட்டு வேண்டுமாம்.
வந்தவர் எல்லோருக்கும் அதே ஒன்றுதான்.

கழுத்துப் பட்டையில் நூறு பேரின் பவுடர்,
நூறு பேரின் தலையெண்ணெய்.
தோள் எனக்குப் பெரிது, கை குட்டை.
கேமரா முன் உட்கார்ந்ததும்
சிஸ்டம் டவுன்.

என் கை சும்மா இருக்காது.
உள்பைக்குள் போனது. ஏதோ முடிச்சு நெருடியது.
பையை வெளியே இழுத்துப் பார்த்தால்
பச்சை நூலில் ஒரு மீன்.
கட்டைவிரல் நகத்தளவு.
கண் இருக்கிறது. நாலு செதில் இருக்கிறது.
வால் இல்லை.
அதற்குள் சிஸ்டம் சரியாகியிருக்கும்.

ஊசியும் நூலுமாக அரசாங்க அலுவலகத்துக்கு வருகிற
இன்னொரு ஜென்மம் இந்த ஊரில் உண்டா?
ஆணா, பெண்ணா, என்ன பாஷை?
ஒருவேளை என் ரயிலிலேயே,
சாம்பல் சட்டையில்,
நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத ஓர் ஆளாக.

என் அங்கி மடியில் கிடந்தது.
அதன் காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும்,
நேற்று ஆரஞ்சு நூலோடு.
வாலைப் போட்டேன்.
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

சிரிக்காதீர்கள் என்றார். சிரிக்கவில்லை.
காதில் இருப்பதைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.
புது அட்டையில் கறுப்புக் கோட்டு, நேர்ப் பார்வை,
யாரும் தண்ணி கேட்கலாம் போல ஒரு முகம்.
அக்காவுக்கு அனுப்பினேன்.
பதிலுக்கு ஓர் இதயம் வந்தது, சிவப்பாக.

ரயிலில்தான் காலரைத் தடவினேன்.
ஊசி இல்லை.
கோட்டின் உள்பையிலேயே நூலோடு விட்டிருக்கிறேன்.
இறங்கித் திரும்பலாமா என்பதற்குள்
பண்டாராயா வந்தது, கதவு திறந்தது, மூடியது.

நாளை யாருக்காவது குத்தும்.
குத்தினால்
பார்ப்பார்.